மோட்டாருக்கு மட்டுமா காத்து பிடிக்கும்?

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம். ஜனவரி மாதக் குளிர். மாலை நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். சிவப்புச் செங்கல் வரிசை வீடு ஒன்றின் மாடியறையில், ஐந்து வாரக் குழந்தையின் தொட்டில் பக்கத்தில் இருந்த சின்ன தெர்மாமீட்டர் 14 டிகிரி காட்டியது. கைக்குழந்தை தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் கணக்கு.

அறையில் ரேடியேட்டர் இல்லாமல் இல்லை. ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டிய, இரும்புத் தகட்டாலான வெள்ளைப் பெட்டி. சமையலறையில் இருக்கும் கேஸ் பாய்லர் தண்ணீரைச் சுட வைக்க, அந்தத் தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வோர் அறைக்கும் போய்த் திரும்பும். கீழறையில் எல்லாம் நன்றாகவே சுட்டது. குழந்தை தூங்கும் அறைதான் ஏமாற்றியது.

மருமகன் தெர்மோஸ்டாட்டை 25-க்கு ஏற்றிப் பார்த்தார். கீழறை அனலாகக் கொதித்தது. மாடியறை அப்படியேதான் இருந்தது. கேஸ் பில்தான் ஏறும். வீட்டு ஏஜென்ட்டுக்கு மூன்று முறை போன் செய்தாகிவிட்டது. ‘அடுத்த வாரம் ஆள் வரும்’ என்பதுதான் பதில்.

பேறுகாலத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். இங்கே தாய், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகள் வீட்டுக்கு விமானம் ஏறி வந்திருந்தார். வந்த நாளிலிருந்து எதையும் தொடப் பயம். அடுப்பைப் பற்றவைக்க வேண்டுமென்றாலும் மகளைக் கூப்பிடுவார். ‘நம்ம கை பட்டு எதுவும் கெட்டுப்போச்சுன்னா?’

அன்று ராத்திரி சின்னச் சண்டை.

“பிள்ளை கை ஐஸா இருக்கு. தலைக்குத் தொப்பி போட்டு, கம்பளியைப் போத்து ஏட்டி.”

“வீட்டுக்குள்ள தூங்குற பிள்ளைக்குத் தொப்பி கூடாதும்மா. சூடு ரொம்ப ஏறினாலும் ஆபத்து. கம்பளி நழுவி மூஞ்சில விழுந்திரும்.” மகள் நர்ஸ். அவள் சொன்னதில் தப்பில்லை.

“நாலு பிள்ளை வளத்தவளுக்கு ஒண்ணும் தெரியாது, என்ன?”

மகள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே மெதுவாகச் சொன்னார்: “டிக்கெட்டை முன்னாடியே மாத்த முடியுமான்னு பாரு. நான் இருந்து என்ன செய்யப் போறேன்...”

இருவருமே சரியாகத் தூங்கவில்லை. அதிகாலையில் குழந்தை பசிக்கு அழுதபோது, அம்மா தட்டுத்தடுமாறி எழுந்து ரேடியேட்டரில் கை வைத்தார். கீழ்ப் பகுதி சுட்டது. மேலே கொண்டுபோனார். ஜில்லென்றிருந்தது. குனிந்து காதை வைத்தார். உள்ளே களக், களக் என்று சத்தம்.

“ஏட்டி... இதுக்குக் காத்து பிடிச்சிருக்கு!”

ஊரில் வாழைத்தோட்டத்து மோட்டாரோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவர் அவர். மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. ஃபுட் வால்வு ஒழுகி, குழாயில் காற்று ஏறியிருக்கும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றினால்தான் பம்பு தண்ணீரை இழுக்கும். அதே ‘ஏர் லாக்’தான் இங்கேயும். காற்று தண்ணீருக்கு மேலேதான் நிற்கும். அது அடைத்துக்கொண்ட இடத்துக்குச் சுடுதண்ணீர் ஏறாது. அதனால்தான் ரேடியேட்டரின் மேல்பகுதி குளிர்ந்து கிடந்தது.

மகள் போனில் தேடிப் பார்த்தாள். அம்மா சொன்னது அப்படியே இருந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஹார்டுவேர் கடையில் ரேடியேட்டர் சாவி ஒன்று வாங்கி வரச் சொல்லி மருமகனுக்கு மெசேஜ் போனது. விரல் நீளம்கூட இல்லாத சாவி. ஓரிரு பவுண்டுதான்.

“முதல்ல மோட்டாரை நிறுத்து” என்றார் அம்மா. ஹீட்டிங்கை அணைத்து, ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருந்தார்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் கையில் தெறிக்கும். மேல்மூலையில் இருக்கும் சின்ன வால்வுக்குக் கீழே கிண்ணம், சுற்றிலும் பழைய துணி. சாவியை மகள் அம்மாவிடம் நீட்டினாள். அவர் தயங்கினார்.

“நீங்களே திருப்புங்கம்மா.”

இடப்பக்கமாகக் கால் சுற்று. ‘உஸ்ஸ்ஸ்...’ சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல அரை நிமிஷத்துக்குமேல் சத்தம். பிறகு சொட்டு சொட்டாக, அடுத்து ஒரே சீராகத் தண்ணீர். உடனே மூடினார். முழுதாகக் கழற்றியிருந்தால் அறையே நனைந்திருக்கும்.

வேலை அதோடு முடியவில்லை. காற்று போனதும் பாய்லரின் அழுத்தம் குறையும். முள் 0.7-ல் நின்றது. ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். பாய்லருக்குக் கீழே இருந்த நிரப்புக் குழாயின் வால்வைத் திறந்து 1.3 வந்ததும் மருமகன் மூடினார்.

எல்லாக் குளிருக்கும் காற்று காரணமல்ல. மேலே சூடு, கீழே நடுப்பகுதி மட்டும் ஜில்லென்று இருந்தால் அடியில் துருச்சேறு படிந்திருக்கலாம். அதைக் கழுவி எடுக்க ஆள் வேண்டும். ஒரு ரேடியேட்டர் மட்டும் முழுக்கக் குளிர்ந்திருந்தால், பக்கத்தில் இருக்கும் வால்வின் ஊசி இறுகியிருக்கலாம். அடிக்கடி அழுத்தம் இறங்கினால் எங்கோ கசிகிறது. பாய்லரின் மூடியைத் திறக்கும் வேலையை மட்டும் யாரும் தொடக் கூடாது. ‘கேஸ் சேஃப்’ பதிவு பெற்ற ஆள்தான் செய்ய வேண்டும். வாடகை வீடென்றால், ஆண்டுதோறும் அந்தச் சோதனையைச் செய்து தருவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை.

மறுபடி ஹீட்டிங் போட்டார்கள். அம்மா ரேடியேட்டரின் மேல் கை வைத்தபடியே நின்றார். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏறியது. ஒன்றரை மணி நேரத்தில் தெர்மாமீட்டர் 18 காட்டியது. குழந்தை தொப்பியும் இல்லாமல், கம்பளியும் இல்லாமல் தூங்கியது.

“நீ சொன்னதும் சரிதான்” என்றார் அம்மா, குழந்தையைப் பார்த்தபடி. டிக்கெட் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை மகள் கீழே இறங்கியபோது காபி மணம் வந்தது. அடுப்பை அம்மாவே பற்றவைத்திருந்தார். ரேடியேட்டர் சாவி அவர் சேலை முந்தானையில் முடிச்சாகத் தொங்கிக்கொண்டிருந்தது.