உள்தாழ்ப்பாள்

என் மனைவி மூன்று நாட்களாக என்னோடு சரியாகப் பேசவில்லை. நாற்பது வருஷக் குடித்தனத்தில் இது நூதனமான அநுபவம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வழக்கமாக அந்த மௌனத்துக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். இந்தத் தடவை எவ்வளவு யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. அதற்குள் ரசத்தில் உப்புக் குறைந்தது. பிறகு குழம்பிலும் குறைந்தது. ஊறுகாய் ஜாடி பரண்மேல் ஏறிவிட்டது. நான்காம் நாள் காலையில் காப்பியை மேஜையில் வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"எத்தனை நாளா இருக்கு? டாக்டர் என்ன சொன்னார்? என்கிட்டகூடவா மறைக்கணும்?"

"எதை மறைத்தேன்?"

"உங்க கிட்னி விஷயத்தை!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. விஷயம் இதுதான். நான் எழுதிக்கொண்டிருந்த தொடர்கதையில் கதாநாயகியின் தகப்பனாருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிடுகிறது. வைத்தியம் தெரியாமல் எழுதினால் டாக்டர் வாசகர்கள் கடிதம் போட்டு மானத்தை வாங்கிவிடுவார்கள். ஆகையால் ஒரு வாரம் என் செல்போனில் டயாலிஸிஸ் என்றால் என்ன, வாரத்துக்கு எத்தனை தடவை செய்வார்கள், என்ன சாப்பிடலாம் என்றெல்லாம் தேடிப் படித்தேன். மத்தியான்னத்தில் என் போனை எடுத்துப் பத்திரிகை படிப்பது மனைவியின் வழக்கம். அதில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சிறுநீரக ஆஸ்பத்திரி, மருத்துவ இன்ஷூரன்ஸ், உப்பில்லாச் சமையல் என்று விளம்பரங்கள் வரிசையாக வந்து நின்றிருக்கின்றன. அவள் வேறு என்னதான் நினைப்பாள்?

கையெழுத்துப் பிரதியைக் காட்டிச் சமாதானம் செய்தேன். ஊறுகாய் ஜாடி பரணிலிருந்து இறங்கிற்று.

ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறக்கவே பிறக்காத ஒரு மனிதருக்கு வந்த வியாதியை யாரோ கவனித்திருக்கிறார்கள். கவனித்து, விளம்பரக்காரர்களிடம் அதைக் காசாக்கியிருக்கிறார்கள். என் மனைவிக்கு நான் சொல்லாத ஒன்றை என் போன் அவளிடம் சொல்லிவிட்டது, அதுவும் பொய். நிஜமாகவே எனக்கு அந்த வியாதி வந்து, தக்க சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று நான் ஒத்திப்போட்டிருந்தால்?

இன்னொரு நினைவும் வந்து உறுத்திற்று. கதை எழுதுகிறவனிடம் ஜனங்கள் எதையும் சொல்லிவிடுகிறார்கள். விதவையான ஒரு சிநேகிதி, பிள்ளையோடு வழக்காடுகிற ஒரு முதியவர், வீட்டுக்குத் தெரியாமல் கடன் பட்ட ஒரு வாத்தியார். இவர்களுடைய சங்கதிகளைப் பெயர் மாற்றி, ஊர் மாற்றி, தொழில் மாற்றித்தான் கதையில் சேர்ப்பேன். அத்தனை ஜாக்கிரதையான நான், ஏதோ ஒரு செயலி "உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா?" என்று கேட்டபோது, அவசரத்தில் "அனுமதி" என்று அமுக்கியிருக்கிறேன். அறுநூறு பேருடைய பெயரும் நம்பரும் போய்விட்டன. என்னுடையதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு. அந்த அறுநூறு பேருக்காகக் கொடுக்க எனக்கு உரிமை தந்தவர் யார்?

மறு ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் பிள்ளை வந்தான். கம்ப்யூட்டர் உத்தியோகம். விஷயத்தைச் சொன்னதும், "மாமா, உங்க போனுக்குள்ளயே சுதந்திரத்துக்கு விதை இருக்கு. மேல மண்ணைப் போட்டு மூடியிருக்காங்க" என்றான்.

அவன் சொன்னதைப் பிறகு நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். 1991-ல் ஹெல்சின்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ்தான் ஆண்ட்ராய்டுக்கு அடித்தளம். 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் விற்பனைக்கு வந்தது. அந்த இயங்குதளத்தின் மூல நிரல் இன்றும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது. எடுத்துத் திருத்தி உபயோகிக்கலாம். இதைத்தான் திறந்த மூலம் என்கிறார்கள். ஆனால் கடையில் வாங்குகிற போனில், அதற்குமேல் கூகிளின் சேவைகளும் தயாரிப்பாளரின் செயலிகளும் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் உள்ளே என்ன நடக்கிறது என்று நாம் பார்க்க முடியாது. சமையல் குறிப்பை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, மசாலாப் பொடியை மட்டும் பொட்டலமாகத் தருகிற மாதிரி.

திறந்த மூலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பொட்டலத்தை ஒதுக்கிவிட்டுத் தயாரித்த இயங்குதளங்கள் பல உண்டு. 2009-ல் தொடங்கிய சயனோஜென்மாட் 2016-ல் நின்றபோது, அதன் வாரிசாக லினேஜ் ஓ.எஸ். வந்தது. பாதுகாப்பையே பிரதானமாக வைத்துக் கிராபீன் ஓ.எஸ். என்று ஒன்று இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ஒரு நிறுவனம் 2023 ஜனவரியில் பார் ஓ.எஸ். என்ற ஒன்றை அறிமுகப்படுத்தியது. இப்படிப்பட்டவற்றில் ஒன்றை என் போனில் ஏற்றுவதென்று முடிவாயிற்று.

அது ஒரு கிருகப்பிரவேசம் மாதிரி நடந்தது. போனின் ஆதிப் பூட்டைத் திறந்ததும் உள்ளே இருந்ததெல்லாம் அழிந்து போயிற்று. திருடன் கையில் சிக்கினால் நம் சமாசாரம் அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காக அப்படி ஏற்பாடாம். பையன் முன்னாலேயே எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்திருந்தான். அது முதல், போனை அணைத்துப் போடும் ஒவ்வொரு தடவையும், இதிலுள்ள மென்பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்ற எச்சரிக்கை திரையில் தோன்றும். வேவு பார்த்த நாளெல்லாம் அந்தப் போன் ஒரு எச்சரிக்கையும் செய்ததில்லை; வேவு நின்ற பிறகு எச்சரிக்கிறது!

முதல் இரண்டு வாரம் சுகமாக இருந்தது. எந்தச் செயலி எதைக் கேட்டாலும் "முடியாது" என்று சொல்ல எனக்கு வழி இருந்தது. விளம்பரம் அடங்கிற்று. கதாநாயகியின் தகப்பனார் நிம்மதியாகப் படுத்திருந்தார்.

மூன்றாவது வாரம் பாங்கிச் செயலியைத் திறந்தேன். இந்தப் போன் மாற்றியமைக்கப்பட்டிருக்கிறது, ஆகையால் இங்கே இயங்கமாட்டேன் என்று சொல்லி மூடிக்கொண்டது. என் பாங்கி இப்படிச் செய்வதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. மோசடிக்காரர்கள் போனுக்குள் புகுந்து அட்டூழியம் செய்கிறார்கள். பாங்கிக்கும் பயம் இருக்கும். ஆனால் தன் வீட்டுப் பூட்டைத் தானே மாற்றிக்கொண்டவனையும், பிறர் வீட்டுப் பூட்டை உடைத்தவனையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார்களே என்று எனக்கு ஆதங்கம்.

2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு இந்த நாட்டில் கீரைக்காரியிடம்கூட ஒரு சதுரக் கட்டம் தொங்குகிறது. நான் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். "சில்லறைக்கு நான் எங்க சாமி போவேன்? போன்ல போடுங்க" என்றாள். டாக்ஸி கூப்பிடும் செயலி பாதியில் நின்றது. இரண்டு முக்கியமான செய்திகள் வந்த சத்தமே கேட்கவில்லை. செயலிகளின் அழைப்பு மணியும் அந்தப் பொட்டலத்தில்தான் இருந்ததாம்.

"போகட்டும், லட்சியம் என்றால் கஷ்டம் இருக்கத்தான் செய்யும்" என்று பெருமையாக இருந்தேன். கஷ்டம் யாருக்கு என்பதைத்தான் கவனிக்கவில்லை. மின்சாரக் கட்டணம், சமையல் காஸ், வேலைக்காரப் பெண்ணின் சம்பளம், ரயில் டிக்கெட், ஆஸ்பத்திரிக்குப் போக டாக்ஸி, எல்லாம் மனைவியின் போனுக்கு மாறிவிட்டன. "கொஞ்சம் உன் போன்ல போட்டுவிடேன்" என்று தினம் நாலு தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் மாலை அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"உங்க அந்தரங்கத்தை நீங்க காப்பாத்தலை. தூக்கி என் தலையில வச்சுட்டீங்க. நீங்க எங்கே போறீங்க, யாருக்குப் பணம் குடுக்கறீங்க, எல்லாம் இப்ப என் போனுக்குத் தெரியும். எனக்கு மட்டும் அந்தரங்கம் வேண்டாமா?"

பதில் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக் குப்பையைப் பெருக்கி அடுத்த வீட்டு வாசலில் தள்ளிவிட்டு, நான் சுத்தமானவன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசாமி ஆகிவிட்டேன். அடுத்த வீடுகூட இல்லை, சொந்த வீடு.

இந்த வழியில் கடைசி மட்டும் போனவர்கள் இருக்கிறார்கள். 1983-ல் க்னூ என்ற சுதந்திர மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் செல்போனே வைத்துக்கொள்வதில்லை என்று சொல்லி வந்திருக்கிறார். 2020-ல் 149 டாலருக்கு வந்த பைன்போனில் மைக், காமிரா முதலியவற்றை நிறுத்தப் பின்மூடிக்குள் சின்னச் சின்ன ஸ்விட்சுகள் உண்டு. 2017-ல் ஜனங்களிடம் பணம் திரட்டித் தொடங்கிய லிப்ரெம் 5 போனில் அவை பக்கவாட்டிலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றிலும் டவருடன் பேசுகிற மோடம் முற்றும் திறந்ததல்ல. எந்தப் போனானாலும், ஸிம் உயிரோடு இருக்கிறவரை அது எந்த டவரின் கீழ் இருக்கிறது என்று தொலைபேசிக் கம்பெனிக்குத் தெரியும். பரிபூரணமான அந்தரங்கம் வேண்டுமானால் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் நடக்கவேண்டும்.

"நல்லவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிற நண்பர்களும் எனக்கு உண்டு. அவர்கள் வீட்டுக் குளியலறைக்கும் தாழ்ப்பாள் உண்டு; அங்கே குற்றம் ஒன்றும் நடப்பதாக நான் கேள்விப்படவில்லை. ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் நம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். சட்டத்தில் உரிமை இருக்கிறது. கையில் இருக்கிற போனில் அதற்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டும் அல்லவா?

அந்தத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. மெத்தை, விசிறி, வேளைக்குச் சாப்பாடு எல்லாம் உள்ள அறைதான். தாழ்ப்பாள் மட்டும் வெளிப்புறம் இருந்தால் அதற்குப் பெயர் வேறு. தாழ்ப்பாள் உள்ளே இருந்துவிட்டால், விருந்தாளியை வரவேற்கலாம், வியாபாரியைக் கூப்பிடலாம், கதவை விரியத் திறந்து போட்டுக்கொண்டு தூங்கவும் செய்யலாம். சௌகரியத்தை நான் வெறுக்கவில்லை. கேட்டுக்கொண்டு உள்ளே வா என்கிறேன். திறந்த மூலம் எனக்குத் தருவது இதைத்தான். மூல நிரலில் ஒரு வரி படிக்க எனக்குத் தெரியாது. தச்சு வேலையும் எனக்குத் தெரியாது. ஆனால் தாழ்ப்பாளில் சந்தேகம் வந்தால் எந்தத் தச்சனையும் கூப்பிட்டுக் காட்டலாம். மூடிய போனில் அதைச் செய்த தச்சனைத் தவிர வேறு எவனும் தொடக் கூடாது.

மனைவியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். பாங்கிக் காரியத்துக்காக மட்டும் மலிவான சாதாரணப் போன் ஒன்று வாங்கினேன். அதில் ஒருவருடைய நம்பரும் கிடையாது. அதில் நான் ஒன்றையும் தேடுவதில்லை. வீட்டிலிருக்கும்போது அது பீரோவில் அணைந்து கிடக்கும். கீரைக்கும் டாக்ஸிக்கும் என்னோடு கிளம்பும். சுதந்திரப் போன் என் சட்டைப் பையில் இருக்கிறது. இரண்டு போன் வைத்துக்கொள்ள எல்லோராலும் முடியாது. முடியவேண்டிய அவசியமும் இருக்கக் கூடாது. தன் பூட்டைத் தானே மாற்றியவனையும் பாங்கிகள் வாசலில் சேர்க்கிற காலம் வந்தால் பீரோப் போனை விற்றுவிடுவேன்.

மனைவியின் போனை மாற்ற அவள் சம்மதிக்கவில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை மாலை அதை என்னிடம் நீட்டி, "எவனெவனுக்கு என்னென்ன அனுமதி குடுத்திருக்கேன், பாருங்க" என்றாள். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். டார்ச் விளக்குச் செயலி ஒன்று அவளுடைய இருப்பிடத்தையும் தொடர்புகளையும் வாங்கி வைத்திருந்தது. 2013-ல் அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு விளக்குச் செயலி, உபயோகிப்பவர்களின் இருப்பிடத்தை விளம்பரக்காரர்களுக்கு அனுப்பி, சர்க்காரின் வர்த்தக ஆணையத்திடம் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன்.

"விளக்குப் போட என் தங்கச்சி நம்பர் எதுக்கு?" என்று சொல்லி, அதை அவளே நீக்கினாள். முப்பதுக்குமேல் அனுமதிகளை மூடினோம். அவளுக்குத் தேவையான சௌகரியம் ஒன்றும் அதனால் குறையவில்லை.

எல்லாம் முடிந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அது சரி, உங்க கதையில அந்தப் பெரியவர் பிழைப்பாரா?"

அந்த விஷயம் எந்தப் போனுக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும் சொன்னேன்.