சரோஜினி நகரிலிருந்து தொப்பூர் இறக்கம் வரை

தலைநகர்த் தமிழருள் சரோஜினி நகரை அறியாதார் இலர். விநய நகர் என்னும் பழம்பெயரைச் சொல்லும் மூத்தோர் இன்றும் உளர். மத்திய அரசு ஊழியர்க்கென எழுந்த அக்குடியிருப்பில், விநாயகர் கோயிலைச் சுற்றி நம்மவர் வாழ்வு தழைத்தது. 2016ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டப்படி, பழைய தாழ்ந்த வீடுகள் இருந்த இடத்தில் அடுக்கு மாளிகைகள் எழலாயின. எவ்வீடாயினும் சர்க்கார் வீடு சர்க்கார் வீடே. ஓய்வு பெற்றவர் சாவியை ஒப்படைத்தே ஆக வேண்டும். முப்பதாண்டுக் குடித்தனத்தை மதுரைக்கோ நெல்லைக்கோ கொண்டு செல்வது எங்ஙனம் என்ற கவலை அப்போது பிறக்கிறது.

ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் உள்ள உறவினர், சொந்தக் காரின் பின்னே டிரெய்லரைப் பூட்டிச் சாமானை இழுத்துச் செல்கின்றனர். நாமும் அவ்வாறு செய்தால் என்ன என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. அந்நாடுகளில் தனி பிரேக் இல்லாத டிரெய்லர், சுமையுடன் சேர்த்து 750 கிலோவைத் தாண்டலாகாது. கார் சிறிதாயின் வரம்பு இன்னும் குறையும். நம் நாட்டிலோ, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். காரின் கையேட்டில் இழுவைச் சுமை குறிக்கப்படாவிடில், அக்காரை அத்தொழிலுக்கு அழைத்தல் தகாது.

பாரம் ஏற்றும் முறையை நம் மாட்டு வண்டிக்காரர் நன்கறிவர். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். டிரெய்லருக்கும் அதுவே விதி. கனத்த பொருள் அச்சின் மேலும் அதற்குச் சற்று முன்னும் அமைந்து, மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். பின்பாரமான டிரெய்லர் வேகத்தில் வாலாட்டத் தொடங்கும். அவ்வாட்டம் காரையே புரட்டவும் வல்லது. அவ்வேளை பிரேக்கை ஓங்கி மிதியாமல், ஸ்டியரிங்கை நேரே பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தலே முறை.

இனி வழியைக் காண்போம். டில்லியிலிருந்து மதுரைக்கு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியே 2,500 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஆக்ரா, குவாலியர், ஜான்சி கடந்து சாலை தெற்கே இறங்குகிறது. சம்பல், நர்மதை, கோதாவரி, கிருஷ்ணை, துங்கபத்திரை என நதிகள் ஒன்றன்பின் ஒன்றாய்க் குறுக்கிடுகின்றன. நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் வனத்தில், விலங்குகள் கீழே நடமாடச் சாலையைப் பாலமாக உயர்த்தியுள்ளனர். அப்பால் வருவது ஹைதராபாத்; நம் குடியிருப்புக்குப் பெயர் தந்த சரோஜினி நாயுடு 1879இல் பிறந்த ஊர் அது.

சமவெளியில் சுமை தன்னை அதிகம் காட்டிக்கொள்வதில்லை. பெங்களூரும் கிருஷ்ணகிரியும் கடந்து, ஊர் வந்துவிட்டதென்று மனம் தளர்கின்ற வேளையில், தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாய் வருகிறது. அவ்விறக்கத்தில் பாரவண்டிகள் நிலைதவறி முன்னே சென்ற வண்டிகள்மேல் மோதி, பலமுறை உயிர்கள் மாண்டுள்ளன. எரிபொருளை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவோர் எஞ்சினின் தடுப்பாற்றலை இழக்கின்றனர்; முழுப் பளுவும் பிரேக்கின்மேல் விழுந்து, அது சூடேறித் தளர்கிறது. வேகம் இருமடங்கானால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். எனவே, இறக்கம் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாறுதல் வேண்டும். சிறு காரும் அதன் பின்னே அரை டன் சாமானும் எனில், இவ்விதி இருமடங்கு பொருந்தும்.

ஆதலின் அன்பர்க்கு நாம் கூறுவது இதுவே: பீரோவும் கட்டிலும் கிரைண்டரும் லாரியிலோ ரயில் பார்சலிலோ செல்லட்டும். சுவாமி படங்களும் குழந்தைகளும் தாத்தா பாட்டியும் காரில் வரட்டும். சாமான் நான்கு நாள் தாமதித்து வரலாம். குடும்பம் நலமாக வந்து சேர வேண்டும்.