பழைய வண்டி கற்பித்த பாடம்

சொந்தமாகப் பழைய பிக்-அப் வண்டி ஒன்று வாங்குகிறவர்களுக்கு அன்றைய தினமே இரண்டு புதிய உறவினர்கள் ஏற்பட்டு விடுகிறார்கள். ஒருவர் பட்டறை மேஸ்திரி. மற்றவர் உதிரிச் சாமான் கடைக்காரர். மற்ற உறவினர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார்கள். இவர்கள் இருவரையும் பார்க்க நாம்தான் மாதம் தவறாமல் போய்வர வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குக் காய்கறியும் மளிகையும் ஏற்றி அனுப்புவது நம் தொழில். அதற்காக 2021-ல் பத்து வருஷம் ஓடிய வண்டி ஒன்றை வாங்கினோம். வாங்கும்போது நாம் பார்த்தவை மூன்று: வர்ணம், டயர், ஆசனத்தின் உறை. பார்த்திருக்க வேண்டியவை வேறு என்பதை மேஸ்திரி பிற்பாடுதான் சொல்லிக் கொடுத்தார். நேயர்களுக்கும் அது உபயோகப்படக்கூடும்.

காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே வண்டியைக் கிளப்பச் சொல்லிப் புகையைப் பார்க்க வேண்டும். கரும்புகை வந்தால் டீஸல் முழுவதும் எரியவில்லை. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர் கெட்டிருக்கலாம். நீலப்புகை என்றால் என்ஜின் ஆயிலே எரிகிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும். என்ஜின் சூடான பிறகும் வெண்புகை ஓயாமல் வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். கியர் போட்டதும் அடியில் 'டக்' என்று கேட்டால் யுனிவர்ஸல் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். மேட்டில் என்ஜின் மட்டும் இரைந்து வண்டி நகராவிட்டால் கிளச் தகடு தேய்ந்திருக்கிறது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் வில் பட்டையில் ஓர் இலை முறிந்திருக்கலாம்.

இவற்றில் பாதியை முதல் வருஷத்திலேயே நாம் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டோம். ஒரு நாள் டீஸல் வடிகட்டியை மாற்றிய பின் வண்டி கிளம்ப மறுத்தது. குழாயில் காற்றுப் புகுந்து விட்டதாம்! ருடால்ப் டீஸல் 1897-ல் ஓட்டிக் காட்டிய இந்த யந்திரத்துக்குத் தீப்பொறி தேவையில்லை; இறுக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஆனால் எண்ணெய் வரவேண்டிய குழாயில் காற்று வந்து நின்றால் எதுதான் பற்றும்? மேஸ்திரி கைப்பம்பை நாலு தடவை அழுத்தினார், நுரை போய் எண்ணெய் வந்தது, வண்டி கிளம்பிற்று. இதெல்லாம் சிறு சங்கதிகள். பெரிய சங்கதிக்கு வருவோம்.

நம் டிரைவர் பேச்சுக் குறைந்த இளைஞர். 2023-ஆம் வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள், "ஐயா, மலை ஏறறப்போ சூட்டு முள்ளு மேலே போகுதுங்க. தண்ணியும் குறையுது. ரேடியேட்டரைக் கழட்டிப் பார்த்து, கூலண்ட் ஊத்திட்டாத் தேவலைங்க" என்றார்.

"கூலண்ட் எதற்குத் தம்பி? தோட்டத்துக் கிணற்றில் தண்ணீருக்கா பஞ்சம்?" என்றோம் நாம். சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தி விட்ட பெருமையும் கூடவே உண்டாயிற்று. மூன்று முறை அவர் சொன்னார். மூன்று முறையும் குடத்தைக் காட்டினோம்.

அந்த மே மாதம், ஆழியாறு தாண்டி மலை ஏறும் பாதையில், நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவது வளைவில் வண்டி ஆவி கக்கிக்கொண்டு நின்று விட்டது. நாம் போய்ச் சேர்ந்தபோது தக்காளியும் கீரையும் வெயிலில் வதங்கிக் கொண்டிருந்தன. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் வெகு அழகாகத் தெரிந்தது என்று சொல்வார்கள். நம் கண்ணுக்கு அன்று அது படவில்லை. சாலையில் நின்றவர்கள் எதிரிலேயே, "வண்டி ஓட்டத் தெரியாத உன்னை நம்பி முதல் போட்டோமே!" என்று டிரைவரைக் கடிந்துகொண்டோம். அந்த மாதச் சம்பளத்தில் பாதியையும் பிடித்துக்கொண்டோம். "சரிங்க" என்பதைத் தவிர அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பட்டறையில் மேஸ்திரி ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்தது ஆயில் அல்ல. பால் விட்ட காப்பியைப் போன்ற ஒரு வஸ்து. ஹெட் கேஸ்கெட் வெந்து போய்த் தண்ணீரும் ஆயிலும் கலந்து விட்டன. சிலிண்டர் ஹெட்டின் மீது நேர்ச்சட்டத்தை வைத்தார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. சூட்டில் அது வளைந்திருந்தது. கடைசியாக ரேடியேட்டரைப் பிரித்தார். குழாய்களில் பாதிக்கு மேல் வெள்ளைக் காரை அடைத்திருந்தது, பழைய வெந்நீர் அண்டாவின் அடியில் படிந்திருப்பதைப் போல.

"எந்தத் தண்ணிங்க ஊத்தினீங்க?"

"தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர்தான்."

"உப்புத் தண்ணிங்க அது. சூடாக ஆகச் சுண்ணாம்பாப் படிஞ்சிரும். அப்புறம் சூடு எந்த வழியாப் போகும்?" என்றார் மேஸ்திரி. இன்னொன்றும் காட்டினார். வண்டியை விற்றவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி விட்டிருந்தார். அதனால்தான் சமதரையில் ஓட்டிப் பார்த்தபோது முள் சமர்த்தாகக் கீழேயே நின்றிருக்கிறது. "பாதித் தப்பு வித்தவரோடதுங்க, பாதி உங்களோடது. ஓட்டினவர் மேலே ஒண்ணுமில்லீங்க. ஆவி வந்ததுமே அணைச்சிருக்கார். இன்னும் ரெண்டு வளைவு ஏத்தியிருந்தா என்ஜினே போயிருக்கும்" என்றார்.

நமக்குத் தலை நிமிரவில்லை. சுதேசியத்தைப் பற்றியும் கைத்தொழிலின் பெருமையைப் பற்றியும் மேடையில் பேசியிருக்கிறோம். இதே பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே 1920-ல் பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, இளமையில் மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் போட்டுத் தாமே மீண்டும் பூட்டிக் கற்றுக்கொண்டவர் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறோம். ஆனால் நம் வண்டியின் பானெட்டை நாம் ஒரு முறையாவது திறந்து பார்த்ததில்லை. கையால் வேலை செய்கிறவன் சொல்லுக்கு நம்மிடம் இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

ஹெட்டை லேத் பட்டறையில் சமமாக்கி, புதுக் கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரிசை தவறாமல் முறுக்கினார்கள். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பொருத்தி, வாலை வடிநீரில் கூலண்டைக் கலந்து ஊற்றினார்கள். எல்லாம் சேர்ந்து 32,000 ரூபாய். மிச்சம் பிடித்த சில நூறு ரூபாயின் வட்டி இது.

அன்று மாலை டிரைவரை அழைத்து, பிடித்த சம்பளத்தைக் கையில் கொடுத்து, "தவறு எங்களுடையது, தம்பி" என்றோம். அவர் பணத்தை எண்ணவில்லை. "காசு கிடக்குதுங்க. அடுத்த தடவை முள்ளு ஏறுதுன்னு சொன்னாக் கேளுங்க, அது போதும்" என்றார்.

இப்போது தினமும் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, நாமே பானெட்டைத் திறந்து தண்ணீரையும் ஆயிலையும் பார்க்கிறோம். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் தொடுவதில்லை; அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கும் கொதிநீர் முகத்தில் பாய்ந்து விடும். வண்டி மலையிலிருந்து இறங்கி வந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வியும் மாறியிருக்கிறது. "வசூல் எவ்வளவு?" என்று இப்போது கேட்பதில்லை. "முள் எங்கே நின்றது, தம்பி?" என்றே கேட்கிறோம்.