வாக்கும் வானொலியும்

கோவை மாநகருக்குக் கிழக்கே, திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்தது எங்கள் சூலூர். நொய்யலாற்று நீரை ஏற்கும் குளமும், சுற்றிலும் ஓயாது ஒலிக்கும் விசைத்தறிகளும், வானூர்திப் படைத் தளமும் உடையது இவ்வூர். 2019-ஆம் ஆண்டில் இத்தொகுதியார் ஒரு திங்கள் இடைவெளியில் இருமுறை வாக்களிக்க நேர்ந்தது. ஏப்ரல் 18-ஆம் நாள் நாடாளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. சட்டமன்ற உறுப்பினர் அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் காலமாகிவிட்டமையால், மே 19-ஆம் நாள் இடைத்தேர்தல் வந்தது. முதல் தேர்தலில் விரல் நகத்தில் வைத்த மை பலர்க்கு முற்றும் அழியாதிருக்க, ஊர் மீண்டும் ஒலிபெருக்கி ஊர்திகளால் நிறைந்தது.

அந்நாளில் ஒரு கல்லூரியின் சமுதாய வானொலியைச் சார்ந்த மாணவியர் இருவர் என் இல்லம் வந்தனர். வாக்காளர் சிலரை நேர்காண வேண்டும் என்றும், ஊரறிந்த தமிழாசிரியராகிய நான் துணை செய்ய வேண்டும் என்றும் கேட்டனர். வேட்பாளர்களை நேர்காணமாட்டீர்களா என்று வினவினேன். “அது கூடாதுங்க ஐயா. யாருக்கு வாக்களிப்பீர்கள் என்றும் கேட்கக் கூடாது. எதற்காக வாக்களிக்கிறீர்கள் என்று மட்டுமே கேட்போம்” என்றனர். சமுதாய வானொலிகளுக்கென நடுவணரசு 2006-இல் வகுத்த நெறிமுறைகள் அரசியல் சார்ந்த நிகழ்ச்சிகளுக்கு இடமளிக்கவில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன்.

வானொலியில் அரசியற் கட்சிகளின் குரல் ஒலிக்கத் தொடங்கியதே 1977-ஆம் ஆண்டின் பொதுத் தேர்தலில்தான். அதுகாறும் அஃது அரசின் குரலாகவே இருந்தது. அப்பொழுது எனக்கு வயது பதினேழு. வாக்குரிமை பெற இருபத்தொன்று நிரம்ப வேண்டிய காலம் அது. ஊர்ப் பொது வானொலியின் கீழ், வேட்டி மடிப்பில் வெற்றிலை வைத்த முதியோரோடு நின்று அவ்வுரைகளைக் கேட்டேன். எக்கட்சி எந்நாளில் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வர். உரையையும் முன்னரே எழுதிக் காட்டி ஒப்புதல் பெறுதல் வேண்டும். உத்தரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறித்த பராந்தக சோழன் காலக் கல்வெட்டுக்கள் கூறும் குடவோலை முறை ஈண்டு நினைவிற்கு வருகின்றது. அதனை இற்றைத் தேர்தலுக்கு ஒப்பாகப் பலரும் மேடைகளிற் கூறுவர். யானும் வகுப்பறையிற் கூறியதுண்டு. எண்ணிப் பார்ப்பின், குடத்திலிட்ட ஓலையைச் சிறுவன் ஒருவன் எடுத்த அம்முறை, வானொலிச் சீட்டுக் குலுக்கலுக்கே நெருங்கிய உறவினது.

வானொலிக்கு முன் அமர்ந்து பேசுவதும் ஒரு தனிக்கலையே. சென்னையில் வானொலிக் கழகம் தோன்றிய 1924-ஆம் ஆண்டிலேயே, இங்கிலாந்தின் தேர்தலில் கட்சித் தலைவர்கள் வானொலி வழியே வாக்காளரிடம் பேசினர். மக்டொனால்டு கிளாஸ்கோ நகரப் பொதுக்கூட்டத்தில் முழங்கியதை அப்படியே ஒலிபரப்பினர். பால்டுவினோ ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, வீட்டிலிருப்பாரோடு உரையாடுவார் போல அமைதியாகப் பேசினார். வீட்டிலிருந்து கேட்டோர்க்கு இனித்தது பின்னவர் பேச்சே என்பர். இச்செய்தியை யான் நன்கறிவேன். அறிந்திருந்தும் செய்த பிழையை இனிக் கூறுகின்றேன்.

என் அடுத்த வீட்டில், விசைத்தறிக்குத் தார் சுற்றிப் பிழைக்கும் மூதாட்டியார் ஒருவர் இருந்தார், எழுபதைக் கடந்தவர், எழுத்தறியாதவர். அவரையே தேர்ந்தேன். ஆயினும் அவர் பேச்சு வானொலிக்கு ஏலாது என்று என் புலமை கருதிற்று. ‘மக்களாட்சியின் மாண்பு’ எனத் தொடங்கும் எட்டுத் தொடர்களை எழுதி, மூன்று மாலைப் பொழுதுகள் அவர்க்குப் பாடம் சொன்னேன். “வாத்தியாரய்யா, மாம்பழமுங்களா?” என்று அவர் முதல் நாளே கேட்டார். அப்பொழுதாவது நான் விழித்திருக்க வேண்டும். மாண்பின் பொருளை விளக்கினேனேயன்றித் தொடரை மாற்றினேனல்லேன்.

குறித்த நாளில் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டியதும் மூதாட்டியார் வாயடைத்துப் போனார். இரண்டாம் தொடரில் நின்றவர், என் முகத்தையே நோக்கினார். நான் மெல்ல எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்கள் கலங்கிவிட்டன. அப்பெண்களுள் இளையவள் கருவியைத் தாழ்த்தி, “அது கிடக்கட்டும் பாட்டி, நீங்க முதல் ஓட்டு எப்பப் போட்டீங்க?” என்றாள்.

மூதாட்டியார் முகம் தெளிந்தது. 1971-ஆம் ஆண்டு, கைக்குழந்தையோடு வாக்களிக்கச் சென்றதைச் சொல்லலானார். வாக்குச் சீட்டில் முத்திரை குத்தும் காலம் அது.

“இன்ன சின்னத்துல குத்தோணும்னு ஊட்டுல சொல்லித்தான் அனுப்புனாங்க கண்ணு. உள்ள போனா ஆரும் இல்ல. நானும் அந்தச் சீட்டுந்தான். அதுவரைக்கும் தனியா நின்னு நான் ஒண்ணையும் முடிவு பண்ணுனதில்ல. ரொம்ப நேரம் நின்னேன். எதுல குத்துனேன்னு அன்னைக்கும் ஆருகிட்டயும் சொல்லல, இன்னைக்கும் சொல்ல மாட்டேன். அதுக்காவத்தான் ஒவ்வொருக்காவும் போறேன்.”

திண்ணையில் அவர்தம் கணவரின் தமையனார் அமர்ந்திருந்தார். எண்பதைக் கடந்தவர், ஒரு காலத்தில் அக்குடும்பத்தின் வாக்குகளை எல்லாம் எண்ணிக் கையில் வைத்திருந்தவர். அவர் ஊன்றுகோலைத் தரையில் இருமுறை தட்டினார், ஒன்றும் கூறவில்லை.

வாக்கு என்னும் சொல்லுக்குப் பேச்சு என்றும், உறுதிமொழி என்றும், தேர்தலில் அளிக்கும் ஒப்பம் என்றும் பொருள் விரித்து அன்று யானும் ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்வித்தேன். வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்னர் நிகழ்ச்சி ஒலிபரப்பாயிற்று. மூதாட்டியார் வீட்டு முற்றத்தில் அயலார் பதின்மர் கூடிக் கேட்டோம். அவர் கூறியவை அனைத்தும் வந்தன. என் உரையில் ஒரே ஒரு தொடர் வந்தது. மனத்தில் சிறிது வருத்தம் தோன்றிற்று, மறைப்பானேன்?

தம் குரலைத் தாமே முதன்முறை கேட்ட மூதாட்டியார், “இது நானுங்களா? என்ற அம்மா பேசுறாப்பல இருக்குதே” என்றார்.

மறுநாட் காலை கணவரின் தமையனார் என் வாயிலில் வந்து நின்றார். தம்பி மனைவியோடு நேரே பேசும் வழக்கம் அவர்க்கில்லை. “வாத்தியாரே, அது எதுலதான் குத்துச்சுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க” என்று தாழ்ந்த குரலிற் கேட்டார்.

“தேர்தல் ஆணையமே கேட்கக் கூடாததை நான் எப்படிங்க கேட்பேன்?” என்றேன். சுவருக்கு அப்பால் தார் சுற்றும் இராட்டையின் ஒலி சற்று நின்று, மீண்டும் தொடர்ந்தது.