பழுது பாகத்தில் இருந்தது

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கூரியர்காரர் ஒரு நீளமான பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். செய்தித்தாளைப் பிரித்ததும் அறையெங்கும் உப்பு நெடி. ஓசூரிலிருந்து சென்னைக் கடலுக்கு முந்நூறு கிலோமீட்டர். எங்கள் ஊரில் காற்று என்றால் குளிர், அல்லது சிப்காட் பக்கத்து பெயின்ட் வாடை. உப்பு நெடி இங்கே யாருக்கும் பழக்கமில்லை.

உள்ளே இருந்தது ஒரு கேஸ் ஸ்ட்ரட். காரின் டிக்கியைத் திறந்தால் கீழே விழாமல் தாங்குமே, அதே சாமான். மெக்கானிக்குகள் 'டிக்கி ஷாக்' என்பார்கள். மூடிய உருளைக்குள் அழுத்தி அடைத்த நைட்ரஜன், கொஞ்சம் எண்ணெய், ஒரு பிஸ்டன், வெளியே நீளும் பளபளப்பான தண்டு. இதில் பளபளப்பு இல்லை. குரோம் பூச்சு உரிந்து, தண்டு முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழிகள்.

அனுப்பியவள் என் பாலிடெக்னிக் தோழி. மெக்கானிக்கல் வகுப்பில் அறுபது பேரில் நாங்கள் நான்கு பெண்கள். அவள் காசிமேட்டுக்காரி. அவள் அப்பா கட்டுமரம் ஓட்டியவர். மகளை ஒரு நாளும் அதில் ஏற்றியதில்லை, பொம்பளை ஏறினால் மீன் படாது என்று. அவள் டிப்ளமோ முடித்து, இரண்டு கம்பெனி மாறி, கடைசியில் ஒரு தனியார் பாய்மரப் படகில் வேலைக்குச் சேர்ந்தாள். பாய் ஏற்றுவது, கயிறு பார்ப்பது, இன்ஜின் பார்ப்பது எல்லாம் அவள்தான்.

அன்று இரவு உணவு இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன்.

"தோள்லதான்டி அடி. எலும்பு முறியல. பாயை இறக்கிட்டு இருந்தோம். பூம் அப்படியே வந்து விழுந்துருச்சு."

"அப்புறம்?"

"நான் கயித்தைக் கவனிக்காம விட்டுட்டேனாம். ஆம்பளைக் கையா இருந்தா பிடிச்சிருக்குமாம். இனிமே என்னை டெக்குக்கு அனுப்ப வேணாம், கரையிலயே கழுவித் துடைக்கட்டும்னு பேசிக்கிறாங்க. நீ பார்த்துச் சொல்லு. தப்பு என்மேலயா, இதுமேலயா?"

படகு பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாய்மரத்திலிருந்து பின்பக்கமாகக் கிடைமட்டமாக நீளும் குழாய்தான் பூம். பாயின் அடிவிளிம்பு அதில் நிற்கும். பாய் விரிந்திருக்கும்போது பாயே பூமைத் தூக்கிப் பிடித்திருக்கும். பாயை இறக்கினால் பூமைத் தாங்க வேறொன்று வேண்டும். சில படகுகளில் மரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒரு கயிறு தாங்கும். சிலவற்றில், மரத்தின் அடியிலிருந்து பூமுக்குச் சாய்வாக ஒரு தாங்குகோல் நிற்கும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு அலுமினியக் குழாய்கள், உள்ளே இந்த கேஸ் ஸ்ட்ரட். அதனோடு ஒரு கப்பிக் கயிறும் உண்டு. கயிறு பூமைக் கீழே இழுக்கும், ஸ்ட்ரட் மேலே தள்ளும். நேத்ரா குமணன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் ஓட்டிய ஒற்றையாள் படகு போன்ற சின்னப் படகுகளுக்கு ஸ்ட்ரட் தேவையில்லை, கயிறும் கப்பியும் போதும். தோழியின் படகில் பூம் மட்டும் மூன்றரை மீட்டருக்கு மேல். ஸ்ட்ரட் இருக்கிறதே என்று உச்சிக் கயிற்றை எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். அதாவது அத்தனை எடைக்கும் ஒரே தாங்கல். அதுவும் யார் கண்ணிலும் படாமல் குழாய்க்குள் இருந்தது.

நான் பதினோரு வருடமாக இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். பாகம் நல்லதா, தள்ளுபடியா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் நான் கேட்டது இந்த வேலையை அல்ல. பயிற்சிக் காலத்தில் மெயின்டெனன்ஸ் கேட்டேன். அப்போது சூப்பர்வைசர் சட்டத்தைக் காட்டினார். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஆபத்து நேரக்கூடும் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைத் துடைக்கவோ எண்ணெயிடவோ சரிசெய்யவோ பெண்களையும் சிறார்களையும் விடக்கூடாது என்றது. சட்டம் பேசியது ஓடும் இயந்திரத்தைப் பற்றி. நின்றுபோன இயந்திரத்திடமும் நான் போகக்கூடாது என்று அவர் அதை நீட்டிக்கொண்டார். இரவு ஷிஃப்ட் என்று இன்னொரு காரணமும் சொன்னார். பெண்களை இரவில் வேலைக்கு வைக்கத் தடை விதித்த பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே செல்லாது என்று சொல்லிவிட்டது என்பது எனக்குத் தெரியவே பல வருடம் ஆனது. "உங்களுக்கு நுணுக்கமான கண்ணும்மா, இன்ஸ்பெக்‌ஷன்தான் சரி" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். பெண்களின் விரலும் கண்ணும் நுணுக்கம் என்று புகழும் ஊர் இது. போச்சம்பள்ளியில் ஸ்கூட்டர் தொழிற்சாலை முழுவதையும் பெண்களே நடத்துவார்கள் என்று 2021-இல் அறிவிப்பு வந்தபோது எங்கள் ஹாஸ்டலில் கைதட்டினோம். பாகம் கோக்கும் லைனில் பெண்களை எங்கும் பார்க்கலாம். லைன் நின்றுபோனால் ஸ்பேனரோடு ஓடி வருவது யார் என்று பாருங்கள்.

சரி, அந்த நுணுக்கமான கண்ணால் ஸ்ட்ரட்டைப் பார்த்தேன்.

முதலில் கையால் அழுத்தினேன். நல்ல ஸ்ட்ரட் என்றால் ஆள் எடை முழுக்கப் போட்டாலும் மெல்லத்தான் இறங்கும். இது மிதிவண்டிப் பம்ப் போல உள்ளே போனது, திரும்பி வரவில்லை. வாயு இல்லை. சீல் இருக்கும் வாய்ப்பக்கம் பழைய எண்ணெய்க் கறை. அதன்மேல் தூசு, தூசின்மேல் உப்பு. தண்டைப் பருத்தித் துணியால் வருடினேன், நூல் நூலாக மாட்டியது. குழிகளின் அடியில் துரு கறுத்துப்போயிருந்தது. புதுத் துரு செம்மஞ்சளாக விரலில் ஒட்டும். இது அப்படியல்ல. மழையும் அலையும் பல பருவம் பார்த்த துரு. தண்டு உள்ளே போய் வரும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழிகளின் விளிம்பு ரப்பர் சீலை அரம் போல அறுத்திருக்கிறது. வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியிருக்கிறது.

மாட்டியிருந்த விதத்தையும் அவளிடம் கேட்டேன். தண்டு மேலே, உருளை கீழே என்றாள். அதுவும் தப்பு. தண்டு கீழ்நோக்கி இருந்தால்தான் உள்ளிருக்கும் எண்ணெய் சீலை நனைத்துக்கொண்டே இருக்கும். தலைகீழாக வைத்ததால் சீல் உள்ளே காய்ந்தது, வெளியே அதன் வாயில் உப்புத்தண்ணீர் கிண்ணத்தில் போலத் தேங்கியது.

எதையும் அறுத்துப் பார்க்கவில்லை. வாயு மிச்சமிருக்கும் ஸ்ட்ரட்டை அறுப்பதும் சூடாக்குவதும் வெடியைக் கையில் பிடிப்பது மாதிரி. பார்த்தது போதும். எங்கள் கம்பெனிப் படிவத்தைப் போலவே ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டேன். பாகம், கவனித்தது, அளவு, காரணம், முடிவு. கடைசி வரியில் எழுதினேன்: 'வாயு முழுவதும் கசிந்துள்ளது. பழுது நீண்ட நாளாக வளர்ந்தது. கயிற்றைப் பிடித்தவரின் கையால் இது நிகழவில்லை.' இத்தனை வருடத்தில் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது இதற்குத்தான்.

அடுத்து, புதியது வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மாதக் கணக்காகும், அதுவரை அவளைக் கரையில் உட்கார வைப்பார்கள். வெர்னியரில் அளந்தேன். தண்டு பத்து மில்லிமீட்டர், உருளை இருபத்திரண்டு, முனையில் எம்-8 மரை. நீளமும் தண்டு ஓடும் தூரமும் குறித்துக்கொண்டேன். ஆனால் எத்தனை நியூட்டன் விசை என்று அச்சடித்த லேபிள் கரைந்துபோயிருந்தது. செத்த ஸ்ட்ரட்டிடம் அதைக் கேட்க முடியாது.

"மீன் எடைபோடுற தொங்கு தராசு இருக்கா?" என்று கேட்டேன். காசிமேட்டில் அதற்கா பஞ்சம்? பூமின்மேல் பாயை மடித்துக் கட்டிவிட்டு, கடைக்கோடியில் தராசைக் கோத்துத் தூக்கச் சொன்னேன். பதினெட்டு கிலோ. மரத்திலிருந்து அங்கே 3.6 மீட்டர். பெருக்கினால் சுமார் 65. தாங்குகோல் மரத்திலும் பூமிலும் 1.2 மீட்டர் தள்ளி, நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் நிற்கிறது. அப்படியானால் அதன் நெம்புதூரம் 0.85 மீட்டர். வகுத்தால் எழுபத்தாறு கிலோ, அதாவது ஏறக்குறைய 750 நியூட்டன். குழாய் உராய்வுக்கும் கொஞ்சம் சேர்த்து 900 என்று முடிவு செய்தேன். ரொம்பவும் கூட்டினால் கயிற்றால் பூமைக் கீழே இழுக்கவே முடியாது. இரண்டாம் செமஸ்டரில் படித்த நெம்புகோல் கணக்கு. ஃபோனில் இரண்டு பேரும் சேர்ந்து போட்டோம். விடை வந்ததும் அவள் அழுதாள். தோள் வலிக்கிறது என்றாள்.

பாகலூர் ரோடு பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். "எந்த மெஷினுக்கும்மா?"

"படகுக்கு."

"ஓசூர்ல ஏது படகு? கெலவரப்பள்ளி டேமுக்கா?" என்று சிரித்தார். பிறகு, "சார் யாராவது வந்தா கரெக்டா சொல்லுவாங்க" என்றார்.

காகிதத்தை அவர்முன் வைத்தேன். விசை, நீளம், மரை, பொருள்: 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதா ஸ்டெயின்லெஸ் என்றால் 304தான் தருவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று. 316-இல் மாலிப்டினம் கலந்திருக்கும், உப்பு போடும் குழியை அது தாங்கும். "டெஸ்ட் சர்டிபிகேட்டும் வேணும்" என்றேன். அவர் இரண்டு முறை படித்தார். "இது இங்க கிடைக்காது மேடம். பீன்யாவுல ட்ரை பண்ணுங்க" என்று ஒரு விலாசம் எழுதித் தந்தார். அம்மா மேடம் ஆனதைக் கவனித்தேன்.

வார விடுப்பன்று ஜூஜுவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரின் அந்தக் கோடிக்கு பஸ் மாறி மாறிப் போனேன். எனக்குத் தெரிந்த கடைக் கன்னடத்தில் பேசினேன். பத்து நாளில் செய்து தந்தார்கள்.

மாட்டும்போது நான் அங்கே இல்லை. வீடியோ காலில் இருந்தேன். முதலில், பாயைத் தூக்கும் கயிற்றை பூமின் கடைக்கோடியில் கட்டி எடையை அதற்கு மாற்றச் சொன்னேன். வேறொன்று தாங்கிக்கொள்ளாமல் ஒரு தாங்கலைக் கழற்றக் கூடாது. அலுமினியக் குழாயின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டை உப்பால் அடைத்திருந்தது. ஊசியால் குத்தித் திறந்தாள். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் உப்புத்தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும் என்பதால் சேருமிடத்தில் தடுப்புப் பசை தடவினாள். தண்டு கீழ்நோக்கி. பின்னைச் சொருகி ஸ்பிளிட் பின்னை மடக்கினாள். கயிற்றைத் தளர்த்தினாள். பூம் நின்றது. ஒரு கையால் தள்ளிப் பார்த்தாள், இறங்கி மறுபடி எழுந்தது. "உச்சிக் கயித்தையும் திரும்பக் கட்டச் சொல்லு" என்றேன். இரண்டு தாங்கல் இருப்பது கோழைத்தனம் இல்லை.

அவள் ஃபோனின் முகப்பில் தாரிணி படகின் படம் இருக்கிறது. கடற்படையின் தில்னாவும் ரூபாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து அதில் புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். ரூபா புதுச்சேரிப் பெண். எட்டு மாதம், இரண்டே பேர். நடுக்கடலில் எது பழுதானாலும் பார்க்க அவர்கள் இருவரையும் விட்டால் ஆளில்லை. அங்கே யாரும் ஆம்பளைக் கை கேட்டிருக்க முடியாது.

என் அறிக்கையைப் படித்த படகு உரிமையாளர் "ஓகே" என்று மட்டும் சொன்னாராம். மன்னிப்பு இல்லை. மறுவாரம் அவள் டெக்கில் இருந்தாள். ஸ்ட்ரட்டுக்கான பணத்தைக் கொடுத்துவிட்டார்கள், என் பஸ் செலவை யாரும் கேட்கவில்லை.

பழைய ஸ்ட்ரட் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. யோசித்தால், அவளுக்காக எழுதிய கடைசி வரியை எனக்காக எழுத யாரும் இல்லாமல்தான் பதினோரு வருடம் போயிருக்கிறது. பழுது என்னிடம் என்றே நானும் நம்பியிருந்தேன்.

சென்ற மாதம் மெயின்டெனன்ஸில் இரண்டு இடம் காலி என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். விண்ணப்பத்தில் 'செய்த பழுதுபார்ப்பு வேலைகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. எழுதினேன்: 'படகு பூம் தாங்குகோல், கேஸ் ஸ்ட்ரட் மாற்றியது. விசைக் கணக்கு, பொருள் தேர்வு, பழுதுக் காரணம் கண்டறிதல்.' மனிதவளத் துறைப் பெண் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"படகா அக்கா?"

"ஆமா" என்றேன். "உட்காரு, சொல்றேன்."