பாலாற்றங்கரையில் நரி வெங்காயம்

வேலூரைப் பற்றி ஒரு பழைய பரிகாசம் உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சுவாமி இல்லாத கோயில், ஜலம் இல்லாத ஆறு என்று அடுக்குவார்கள். இவற்றில் கோயிலைப் பற்றிய பேச்சு பழங்கதையாகிவிட்டது. 1981-ஆம் ஆண்டில் ஜலகண்டேசுவரர் கோட்டைக்குள் மீண்டும் எழுந்தருளிவிட்டார். ராஜா இல்லாததைப் பற்றி யாருக்கும் விசாரம் இல்லை. ஆற்றின் விஷயந்தான் மாறவில்லை. வைகாசியில் ஆம்பூருக்குப் பிரயாணம் செய்த நாங்கள், வழி நெடுகப் பாலாற்றின் மணலையே கண்டோம்.

ஆம்பூரை நெருங்கும்போதே பதனிட்ட தோலின் வாடை வரவேற்றது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் அது. முகம் சுளிப்பது நியாயமாகாது. முன்னாளில் ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலைப் பதனிட்டார்கள். பிற்பாடு குரோமிய ரசாயனம் வந்தது. தோல் அழுகாதிருக்க இடும் உப்பும் இந்த ரசாயனமும் கழிவு நீரோடு நிலத்தில் இறங்கின. இப்பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்று 1996-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பில் கண்டிருக்கிறது. கழிவைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் ஏற்பட்டிருக்கின்றன. ஆயினும் மண்ணில் ஊறிய உப்பு எளிதில் விடை பெறுவதில்லை.

அத்தை வீட்டுத் தோட்டமே இதற்குச் சாட்சி சொல்லிற்று. தொட்டிகள் இருந்தன, செடிகள் இல்லை.

"கிணற்றுத் தண்ணீரை வார்த்தால் ரோஜா கருகிவிடுகிறது. காசு கொடுத்து வாங்கும் தண்ணீரைச் செடிக்கு வார்க்க மனசு வருமா, அப்பா?" என்றாள் அத்தை.

மறுநாள் மாலை ஊருக்கு வெளியே ஒரு பாறைக் குன்றின் பக்கம் உலாவப் போனோம். சரளைக் கல்லுக்கு நடுவே, இலை ஒன்றுகூட இல்லாமல், முழங்கால் உயரத்துக்குப் பிரம்பு போல ஒரு தண்டு நின்றது. இருட்டும் சமயத்தில் அதில் பழுப்பு கலந்த வெண்மையாய்ச் சிறு மணிகள் மலர்ந்து தொங்கின.

"நரி வெங்காயங்க. ஆடுகூட வாய் வைக்காது" என்றான் ஆடு மேய்க்கும் பையன்.

காட்டு வெங்காயம் என்றும் இதைச் சொல்வதுண்டு. பெயரும் கிழங்கின் உருவமுந்தான் வெங்காயம். வாசனை கிடையாது, இனமும் வேறு. கோடையில் பூத்து, மழைக்குப் பின் நீண்ட இலை விட்டு, பிறகு மண்ணுக்குள் உறங்கிவிடும். ஒவ்வொரு பூவுக்கும் ஓர் இரவே ஆயுள். கிழங்கில் உள்ள சத்து, டிஜிட்டாலிஸ் மருந்தைப் போல இருதயத்தில் வேலை செய்வது. கபம் நீக்கும் மருந்தாகவும் இதை வைத்தியர்கள் கையாண்டிருக்கிறார்கள். ஆனால் அளவு மீறினால் உயிருக்கே அபாயம். ஆகையால் வீட்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம். கிழங்கை உரித்தால் கை அரிக்கும். குழந்தைகளுக்கும் சமையலறைக்கும் எட்டாத இடத்திலேயே இது இருக்கவேண்டும்.

பூர்வ கிரேக்கர்கள் இதன் இனத்தைச் சேர்ந்த கிழங்கைத் தீமை அணுகாதிருக்க வாசலில் கட்டினார்களாம். நம் வீடுகளில் கற்றாழையைத் தலைகீழாகத் தொங்கவிடுவதைப் போலத்தான்!

அந்நிய தேசத்துப் பூச்செடிகளுக்குக் குடம் குடமாக நீர் வார்த்து, வாடியதும் வருந்துகிறோம். இந்த மண்ணிலேயே பிறந்த இதுவோ கிணற்றைத் தேடுவதில்லை. மழை ஒன்றே போதும். நல்ல வெயில், சரளை கலந்த மண், நீர் தேங்காத தொட்டி, இவ்வளவுதான் தேவை. கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். உறங்கும் காலத்தில் நீர் வார்த்தால் அழுகிவிடும். பாறைச் சரிவிலிருந்து கிழங்கைப் பெயர்த்து வருவது மாத்திரம் தகாது. குன்றைச் சூனியமாக்கி வீட்டை அலங்கரிப்பதில் என்ன பெருமை?

முன்பே பூத்து முடிந்த ஒரு தண்டில் காய் வெடித்திருந்தது. காகிதம் போன்ற கறுப்பு விதைகளில் சிலவற்றை மட்டும் கொண்டுவந்து அத்தையிடம் கொடுத்தோம். பூப்பதற்குச் சில வருஷங்கள் ஆகும் என்றும் எச்சரித்தோம்.

அத்தை உடைந்த தொட்டி ஒன்றில் மண்ணை நிரப்பிக்கொண்டே, "ஆகட்டுமே! பாலாற்றுக்காக இத்தனை வருஷம் காத்திருக்கிறோம், இதற்குக் காத்திருக்கமாட்டோமா?" என்றாள்.