நால்வர் ஆக்கிய பாட்டு

பாட்டு என்பது ஒருவர் உள்ளத்தில் தனிமையிற் பிறப்பது என்று உலகம் பெரும்பாலும் எண்ணுகின்றது. நால்வர் கூடி ஒரு பாட்டை ஆக்குதல் இயலுமா? ஆக்கிய பின்னர், 'இஃது என்னுடையது' என்னும் பூசல் எழாமற் காத்தல் இயலுமா? இவ்வினாக்களுக்கு அமெரிக்க இளைஞர் நால்வரின் வரலாறு விடை தருகின்றது.

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் உள்ளது ஜார்ஜியா மாநிலம். அங்குள்ள ஏதென்ஸ் என்னும் ஊர் பல்கலைக்கழகத்தாற் சிறப்புற்றது. அவ்வூர் இசைத்தட்டுக் கடை ஒன்றில் பீட்டர் பக் என்பவர் வேலை பார்த்து வந்தார். ஓவியம் பயிலும் மாணவராகிய மைக்கேல் ஸ்டைப் அக்கடைக்கு அடிக்கடி வருவார். பக் எவ்விசைத்தட்டுகளை விரும்பினாரோ, அவற்றையே ஸ்டைப்பும் விரும்பினார். சுவை ஒத்தது, நட்பு மலர்ந்தது.

மேகன் என்னும் ஊரிலிருந்து பயில வந்த இருவர் பின்னர் அவர்களோடு சேர்ந்தனர். டிரம் முழக்குவதில் வல்லவர் பில் பெரி. பேஸ் கிதாரில் வல்லவர் மைக் மில்ஸ். இவ்விருவரும் பள்ளிப் பருவத்தில் ஒருவரை ஒருவர் வெறுத்தவர்கள்! அவ்வெறுப்பை மாற்றி அவர்களை உற்ற நண்பர்களாக்கியது இசையே.

வழிபாடு நின்றுபோன பழைய தேவாலயம் ஒன்றில், 1980 ஏப்ரல் 5 அன்று, தோழி ஒருவரின் பிறந்தநாள் விழாவில் நால்வரும் முதன்முதலாகப் பாடினர். குழுவிற்குப் பெயர் வேண்டும் அன்றோ? அகராதியைப் புரட்டியபோது கண்ணிற்பட்ட 'ஆர்.இ.எம்.' என்னும் மூன்றெழுத்தையே பெயராகக் கொண்டனர்.

பெருநிறுவனங்களின் வாயிலில் அவர்கள் காத்து நிற்கவில்லை. 1981ஆம் ஆண்டில் அவர்களின் முதல் இசைத்தட்டை வெளியிட்டது ஹிப்டோன் என்னும் சிறு நிறுவனம். அதனைப் பதிவு செய்த இடமோ, ஒரு வீட்டின் வண்டிக் கொட்டகையில் அமைந்த ஒலிப்பதிவுக் கூடம். வேன் ஒன்றில் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று சிறு அரங்குகளிற் பாடினர். 1983இல் வெளிவந்த 'மர்மர்' என்னும் தொகுப்பு அறிஞர்களின் பாராட்டைப் பெற்றது.

இனி, அவர்கள் பாட்டு ஆக்கிய முறையைக் காண்போம். முதலில் தோன்றுவது பெரும்பாலும் இசையே. பக், மில்ஸ், பெரி ஆகிய மூவரும் கூடி இசைத்துப் பார்ப்பர். ஒருவர் ஒரு துணுக்கைக் கொணர்வார். மற்றொருவர் அதனைத் திருத்துவார். மூன்றாமவர் அதற்குத் தாளம் அமைப்பார். அவ்விசையைப் பலகால் கேட்ட ஸ்டைப், பின்னர்ச் சொல்லும் மெட்டும் பொருத்துவார். ஒருவர் 'வேண்டா' என்று மறுத்தாலும் அப்பாட்டைக் கைவிடுவர். யார் எவ்வளவு ஆக்கினும், நால்வர் பெயரையும் அகரவரிசையில் இட்டு, வருவாயையும் சமமாகப் பகிர்வர்.

இம்முறையின் உரத்தை ஒரு பாட்டால் அறியலாம். பக் புதிதாக மேண்டலின் ஒன்றை வாங்கிப் பழகிவந்தார். தொலைக்காட்சியைப் பார்த்தவாறே மீட்டியபோது ஒரு மெட்டு அவர் விரல்களிற் பிறந்தது. அதுவே 1991இல் 'லூசிங் மை ரிலிஜன்' என்னும் பாட்டாக மலர்ந்து உலகப் புகழ் பெற்றது. பொறுமை இழந்து நிற்கும் நிலையைக் குறிக்கும் தென்னாட்டு வழக்கு அது. முதல் மெட்டு தம்முடையது என்று பக் தனியுரிமை கோரினாரா? இல்லை. அப்பாட்டின் கீழும் நால்வர் பெயரே நின்றது.

புகழைத் தாங்கிய நட்புக்குத் துன்பமும் ஒரு சோதனை வைத்தது. 1995 மார்ச்சு முதல் நாள், சுவிட்சர்லாந்தில் உள்ள லோசான் நகர மேடையில் பெரிக்கு மூளையில் குருதிக்குழாய் வெடித்தது. அறுவை மருத்துவத்தால் உயிர் பிழைத்தார். 1997இல் அவர் குழுவிலிருந்து விலக விரும்பினார். ஆயினும், தம் விலகலால் குழு கலையுமாயின் விலகுவதில்லை என்றும் கூறினார். தம் ஓய்வினும் தோழரின் பாட்டைப் பெரிதென மதித்த உள்ளம் அது! மூவரும் அவருக்கு விடைகொடுத்துத் தொடர்ந்து பாட உடன்பட்டனர். நான்காம் கை இன்றிப் பாட்டு ஆக்குதல் முதலில் அரிதாகவே இருந்தது. 2011 செப்டம்பரில், அம்மூவரும் பகையின்றி, நண்பர்களாகவே குழுவைக் கலைத்தனர்.

2024 சூன் திங்களில், பாடலாசிரியர்க்குரிய பெருமன்றம் நியூயார்க்கில் அவர்களைச் சிறப்பித்தது. அம்மேடையில் பெரியும் சேர, நால்வரும் மீண்டும் ஒருங்கே நின்று, மேண்டலினிற் பிறந்த அப்பாட்டைப் பாடினர். பங்கிட்டுக் கொண்ட பொருள் குறையும் என்பர். பங்கிட்டுக் கொண்ட பாட்டோ நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்நால்வரையும் ஒன்றுசேர்த்தது. 'என்னுடையது' என்பதை விடுத்து, 'நம்முடையது' என்று கூறக் கற்றவர் ஈட்டிய செல்வம் அஃதன்றோ?